கால் கண்ணால பார்க்காது

இன்னைக்கு எபிசோடு என் கால் செஞ்ச ஒரு தப்பைப் பத்தி.

போன மாசம் அரியாங்குப்பத்துல பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவரோட பழைய புல்லட்டை எடுத்துக்கிட்டு கடலூர் ரோட்டுக்கு வந்தா, குறுக்கே ஒரு சைக்கிள். வலது காலை அழுத்துறேன், வண்டி நிக்கல. கியர்தான் மாறுச்சு! கை முன் பிரேக்கைப் பிடிச்சதால தப்பிச்சோம். சைக்கிள்ல வந்த அக்கா திட்டினது இன்னும் காதுல கேட்குது.

வண்டி மேல தப்பில்ல. பழைய பிரிட்டிஷ் பைக்குகள்ல பெரும்பாலும் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். சென்னையில தயாரிக்க ஆரம்பிச்ச புல்லட்டும் அதே வழக்கத்துலதான் வந்தது. 1970-களில் அமெரிக்கா, கியர் இடது காலுக்குத்தான்னு விதி போட்டது. டிரையம்ஃப், நார்டன் எல்லாம் மாறின. புல்லட் ரொம்ப வருஷம் கழிச்சு மாறுச்சு. நான் பழகினது புது முறையில.

இதுல என்ன பெரிய விஷயம்? 60 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு விநாடியில கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிடும். குனிஞ்சு பெடலைப் பார்க்க நேரம் கிடையாது. கால் பழக்கத்தை மட்டும் நம்பித்தான் போகுது.

கார்ல இதைச் சரியா செஞ்சிருக்காங்க. பிரான்ஸ்ல இருந்து லீவுக்கு வர்ற எங்க சித்தப்பாவுக்கு அங்க ஸ்டியரிங் இடது பக்கம். இங்க வந்து ஓட்டினா, இண்டிகேட்டர் போடப் போய் வைப்பரைப் போட்டுடுவார். ஆனா கால் தடுமாறாது. ரெண்டு நாட்டுலயும் கிளட்ச் இடது, பிரேக் நடு, ஆக்சிலேட்டர் வலது.

விமானத்துலயும் இதே கதைதான். ஏர்பஸ் ஏ320-ல கேப்டன் இடது கையாலயும் துணை விமானி வலது கையாலயும் ஓட்டுறாங்க. பெடல் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு: வலது காலை அழுத்தினா மூக்கு வலது பக்கம் திரும்பும். பெடலோட மேல்பகுதியை அழுத்தினா சக்கரத்துக்கு பிரேக். கால் நீளத்துக்கு ஏத்த மாதிரி பெடலை முன்ன பின்ன நகர்த்திக்கலாம். அதாவது, தூரம் ஆளுக்கு ஏத்தபடி மாறலாம், வேலை மாறக்கூடாது.

அதனால, அடுத்தவங்க வண்டியை வாங்கினா, கிளம்புறதுக்கு முன்னாடி நின்ன இடத்துலயே பிரேக்கை நாலஞ்சு தடவை அழுத்திப் பாருங்க. கிளட்ச் கார் ஓட்டிப் பழகினவங்க ஆட்டோமேட்டிக்ல ஏறினா, இடது காலை ஓரமா வச்சிடுங்க. இல்லைன்னா கிளட்ச்னு நினைச்சு பிரேக்கை ஓங்கி மிதிச்சிடும்.

பெரியப்பா இப்பவும் சாவி தர்றார். தெருமுனை வரைக்கும் மட்டும்!