குளிர்பதனப் பெட்டியிலும் பெருகும் கிருமி

1905இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கப்பட்ட ‘போர்ஸ் ஹெட்’ என்னும் அமெரிக்க இறைச்சி நிறுவனம் இன்றும் குடும்ப உடைமையாகவே உள்ளது. சமைத்துப் பதப்படுத்தி, மெல்லியதாக அரிந்து அப்படியே உண்ணத்தக்க இறைச்சிகளே அதன் முதன்மை வணிகம். 2024இல் வர்ஜீனியாவின் ஜாரட்டில் இருந்த அதன் ஆலையில் தயாரான ஈரல் சாசேஜில் லிஸ்டீரியா கிருமி கண்டறியப்பட்டது. 19 மாநிலங்களில் 61 பேர் நோயுற்றனர். ஒருவரைத் தவிர அனைவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 10 பேர் இறந்தனர். 70 லட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட இறைச்சி திரும்பப் பெறப்பட்டது. ஆலையும் மூடப்பட்டது.

சமைத்த இறைச்சியில் கிருமி எவ்வாறு வந்தது என்னும் ஐயம் எழுவது இயல்பே. வேகும்போது லிஸ்டீரியா மடிந்துவிடும். ஆனால் அதன்பின் ஈரத் தரை, வடிகால், அரியும் எந்திரம் ஆகியவற்றிலிருந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளக்கூடும். பல கிருமிகளைக் குளிர் அடக்கிவைக்கும். இதுவோ குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் பெருகும். முகர்ந்து பார்த்தும் அறிய இயலாது.

புற்றுநோய் மருந்து பெறுவோர், மாற்றுறுப்பு பொருத்தப்பட்டோர், முதியோர் ஆகியோருக்கு இக்கிருமி உயிராபத்தானது. கர்ப்பிணிக்கு இலேசான காய்ச்சலாகத் தோன்றினாலும் கருவை இழக்க நேரலாம். ஆகவே இவர்களுக்குச் சலாமி, ஹாம் போன்றவற்றை 74 பாகை செல்சியசுக்கு, ஆவி பறக்கும் அளவு சூடாக்கியே கொடுங்கள். உண்டு இரண்டு மாதங்கள் கழிந்தும் காய்ச்சல் தோன்றக்கூடும். அவ்வாறாயின், இவற்றை உண்டதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.