பயனாளியின் கணக்கில் பணம்

போர் முடிந்த மறு ஆண்டு, 2010-இல், இலங்கையில் 50,000 வீடுகள் கட்டித் தருவதாக இந்தியா அறிவித்தது. வீடு என்றால் அரசுகளுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஒப்பந்தக்காரர்தான். முதல் 1,000 வீடுகளை இந்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் பிரீஃபேப் கட்டியது. அவை முடிய 2012 நடுப்பகுதி ஆயிற்று. அந்த வேகத்தில் மீதி 49,000 எப்போது எழும்பும் என்று வாசகரே வகுத்துப் பார்க்கலாம்.

அதே ஆண்டு அக்டோபர் 2-இல் வழி மாறியது. வடக்கு, கிழக்கில் 45,000 வீடுகளுக்கான பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போனது. புது வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய், திருத்த வேலைக்கு 2.5 லட்சம். கடனல்ல, நன்கொடை. ஆனால் மொத்தமாகக் கைக்கு வரவில்லை. ஐ.நா. ஹபிடாட், செஞ்சிலுவைச் சங்கம், தேசிய வீடமைப்பு அதிகார சபை போன்றவற்றின் ஆட்கள் வந்து, அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பிற்றா என்று பார்த்துச் சான்று தர வேண்டியிருந்தது. அதன் பிறகே அடுத்த கட்டத் தொகை. மேசனைப் பிடிப்பதும் கல், மணல், சீமெந்து வாங்குவதும் வீட்டுக்காரர் பாடு.

இதில் கஷ்டமும் உண்டு. ஒரே நேரத்தில் ஊரெல்லாம் வீடு எழும்பினால் மணலும் மேசன் கூலியும் ஏறாமல் இருக்குமா? நகையை அடகு வைத்துக் கூரை போட்டவர்கள் உண்டு. துணையில்லாத முதியவருக்கு வேலையை நின்று நடத்துவதே பெரும் பாடு. ஆனாலும் சமையலறை எந்தப் பக்கம் என்று முடிவு செய்தவர் அந்த வீட்டில் வாழப்போகிறவர். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

2016 வாக்கில் இலங்கை அரசே வடக்கு, கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் கொண்டுவர முனைந்தது. வெளிநாட்டு நிறுவனம், கடன் பணம், வீடொன்றுக்கு 20 லட்சத்துக்கு மேல். அந்த வெயிலில் இரும்பு வீடா என்று மக்கள் பிரதிநிதிகளும் கட்டிடக் கலைஞர்களும் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

இந்தியத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் மலையகத்துக்குப் போனது: மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4,000 வீடுகள். 2017-இல் நோர்வுட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 சேர்த்தார். அங்கே வேறு சிக்கல். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன் அறைகளில் தலைமுறைகளாக இருந்தவர்களின் பெயரில் ஓரடி நிலமில்லை. காணி அரசுடையது, குத்தகை தோட்டக் கம்பெனியுடையது. குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று காணி ஒதுக்கிய பிறகுதான் அத்திவாரம் வெட்டவே முடிந்தது.