சாட்சி சொன்ன புகைப்படம்
தொடரின் நாயகனுக்கு மாயக்கண். கடத்தப்பட்ட நடராஜரை மீட்டதோ ஒரு பழைய படம்

பெய்ஜிங்கில் ஓர் அடகுக் கடை. அங்கு வேலை பார்க்கும் ஜுவாங் ருய்யின் கண்ணில் ஒரு சம்பவத்தில் அடிபடுகிறது. அதோடு விசித்திரமான பார்வையும் வாய்க்கிறது. பழம்பொருளை உற்றுப் பார்த்தால் போதும், அதன் பூர்வீகம் தெரிந்துவிடும். 2019-ல் வெளியான 'தி கோல்டன் ஐஸ்' என்ற சீனத் தொடரின் கதை இது.

அப்படியொரு கண் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானுக்கும் தேவைப்பட்டது. அங்குள்ள சோழர் காலச் சிவன் கோயிலின் நடராஜர் சிலை 2006-ல் களவு போனது. கோயில் பூட்டியே கிடந்ததால் 2008 வரை விஷயம் வெளியே தெரியவில்லை. அதே 2008-ல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. 1970களின் தொடக்கத்திலேயே சிலை இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டதாகக் காகிதங்கள் கூறின. தேதியில்தான் சூட்சுமம். பழம்பொருள் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்ட சட்டம் இயற்றப்பட்டது 1972-ல்.

புளுகை அம்பலமாக்கியது ஒரு புகைப்படம். 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்களை ஊர் ஊராகப் படம்பிடித்து வைத்திருக்கிறது. 1994-ல் ஸ்ரீபுரந்தானில் எடுத்த படத்தில் அதே நடராஜர்! மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். எனவே ஒன்றைப் போல இன்னொன்று அமையாது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் சிலையைத் திருப்பிக் கொடுத்தார். உடையார்பாளையம் சிலைக் கடத்தல் வழக்கில் கபூருக்கு 2022-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் உள்ள தமிழர்களுக்கும் இதில் சேதி உண்டு. அங்குள்ள சிலாஹார மன்னர் காலச் சிவன் கோயிலின் வயது, 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, 960 ஆண்டுகளுக்கும் மேல். அதன் சிற்பங்களை 1868-லேயே பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியினர் வரைந்தும் அச்செடுத்தும் பதிவு செய்தார்கள். கல் தேய்ந்தாலும் கணக்கு இருக்கிறது.

சொந்த ஊர்க் கோயிலுக்கு அந்தக் கணக்கு இருக்கிறதா? கொடைக்கும் கும்பாபிஷேகத்துக்கும் ரயிலேறிப் போன குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் பழைய ஆல்பங்கள் கிடக்கும். அதில் தாத்தாவுக்குப் பின்னால் சப்பரத்தில் நிற்கும் உற்சவர், நாளை ஒரு வழக்கில் ஒரே சாட்சியாகலாம். ஆல்பத்தைத் தூக்கி எறியாதீர்கள். படத்தின் பின்பக்கத்தில் ஊரையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். மாயக்கண்ணுக்கு அதுவே போதும்.