இரவல் காரில் முதல் ஐந்து நிமிடம்

கராஜில் விட்ட கார் திரும்பி வரும்வரை மச்சானின் காரோ, கூட வேலை செய்பவரின் காரோ, நாள் வாடகைக்கு எடுத்த காரோதான் கதி. மட்டக்களப்பில், புளியந்தீவில் அலுவலகமும் கல்லடியில் வீடுமாக இருக்கும் ஒருவருக்கு ஒரு நாள்கூட வாகனம் இல்லாமல் சரிவராது. திறப்பைத் தருபவர் "எண்ணெய் இருக்கு, கொண்டு போங்க" என்பதோடு முடித்துக்கொள்வார். வாங்குபவரும் வேறெதுவும் கேட்கமாட்டார். கார் ஓட்டத் தெரிந்தவரிடம் கார் ஓட்டுவது பற்றிச் சொல்வதும் கேட்பதும் மரியாதைக் குறைவு என்று ஒரு எண்ணம்.

ஒரு காலத்தில் அதில் பிழையில்லை. மூன்று பெடல், நடுவில் கியர், பக்கத்தில் ஹேண்ட் பிரேக். ஒன்றைப் பழகியவர் எதையும் எடுத்தார். இன்று அப்படியில்லை, அதுவும் இலங்கையில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய கார்களை யாரும் ஒதுக்கவில்லை. பழுது பார்த்துப் பார்த்து ஓடவைத்தார்கள். அதனால் கோட்டைமுனைப் பாலத்தில் ஒரே வரிசையில் தொண்ணூறுகளின் மாருதி 800, வாகன்ஆர் ஹைபிரிட், பிரியஸ் எல்லாம் நிற்கலாம். இரவல் வாங்குபவர் ஒரே காலையில் இருபத்தைந்து வருடம் முன்னுக்கோ பின்னுக்கோ போய்விடுகிறார்.

முதலில் தடுமாறுவது இடது கால். வருடக்கணக்காகக் கிளச் மிதித்தவர் ஓட்டோமெட்டிக் காரில் ஏறினால், சந்தியில் வேகம் குறையும்போது அந்தக் கால் தானாக நீளும். கிளச் இருக்கவேண்டிய இடத்துக்குக் கிட்ட அகலமான பிரேக் பெடலின் விளிம்பு இருக்கும். கிளச்சை மிதிக்கும் பலத்தோடு பிரேக்கை மிதித்தால் கார் குத்திக்கொண்டு நிற்கும். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கதியை யோசிக்கவேண்டும். இடது காலைப் பின்னுக்கு இழுத்து, சீட்டின் அடியில் வைத்துக்கொள்வதுதான் பழைய ஓட்டுநர்கள் சொல்லும் வைத்தியம்.

இதைவிட மோசமானது வலது கால் பிசகுவது. எண்பதுகளில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் நின்ற இடத்திலிருந்து தாமாகப் பாய்கின்றன என்று பெரிய கூச்சல் எழுந்தது. 1989இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலும் சாரதிகள் பிரேக் என்று நினைத்து அக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்றது. காரோடு பழக்கம் குறைந்தவர்களுக்கு இது நேரும் வாய்ப்புக் கூட என்பதும் அக்காலத்தில் கவனிக்கப்பட்டது. இன்று பிரேக்கை மிதிக்காமல் ஓட்டோமெட்டிக் கியரைத் தரிப்பு நிலையிலிருந்து எடுக்க முடியாதபடி பூட்டு வைத்திருப்பது அந்தக் கலவரத்தின் விளைவு. "கியர் இறுகிப்போய்க் கிடக்கு" என்று காரின் சொந்தக்காரருக்குப் போன் எடுப்பவர் பிரேக்கை மிதித்துப் பார்த்தால் போதும்.

கியர் லீவர் இன்னொரு பொறி. பிரியஸில் லீவரைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் அது நடுவுக்கே திரும்பிவிடும். எந்தக் கியரில் நிற்கிறது என்பதைக் கை சொல்லாது, முன்னாலுள்ள திரைதான் சொல்லும். தரிப்புக்குத் தனிப் பட்டன். இப்படிக் கையை விட்டதும் பழைய இடத்துக்கு வரும் லீவர் குழப்புகிறது என்று 2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 11 லட்சம் வாகனங்களைத் திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தது. இரண்டு மாதத்தில், தன் ஜீப் உருண்டு வந்து மோதியதில் நடிகர் அன்டன் யெல்சின் இறந்தார். அவருடைய ஜீப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது.

ஹைபிரிட் காரில் பட்டனை அழுத்தினால் சத்தமே வராது. ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி அழுத்துபவர் அதை அணைத்துவிடுகிறார். 'ரெடி' என்ற விளக்கு எரிந்தால் கார் ஓடத் தயார். பாடசாலை விடும் நேரத்தில் தெருவில் நடப்பவர்களுக்கும் அந்த மௌனம் கேட்காது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

சிக்னல் பக்கம் மாறுவது சிரிப்புக்குரிய சங்கதி. ஜப்பான் கார்களில் சிக்னல் தண்டு வலக்கைப் பக்கம், வைப்பர் இடக்கைப் பக்கம். ஐரோப்பியக் கார்களில் நேர்மாறு. நல்ல வெயிலில் வைப்பரை ஆட்டிக்கொண்டு சந்தியில் திரும்பும் காரைக் கண்டால் அது இரவல் என்று துணிந்து சொல்லலாம். ஜப்பானில் ஓடி வந்த கார் என்றால் ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண்குரல் ஏதோ முறையிடும். நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்பதுதான் அந்த முறைப்பாடு. ரேடியோவில் பாதி நிலையம் கிடைக்காததும் பழுதல்ல. ஜப்பானின் பண்பலை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி, பழைய செட்களில் 90உடன் முடிந்துவிடும்.

அகலத்தை மட்டும் சிரித்துத் தள்ளமுடியாது. வாகன்ஆர் போன்ற ஜப்பானியச் சிறுகார்களுக்குச் சட்டப்படி உச்ச அகலம் 1.48 மீற்றர். பிராடோ ஒன்று ஏறத்தாழ 1.88 மீற்றர். இந்த 40 சென்ரிமீற்றரில் பெரும்பங்கு, சாரதி வலப்பக்கம் இருப்பதால், அவர் கண்ணுக்கு எட்டாத இடப்பக்கத்தில் கூடுகிறது. சைக்கிளும் ஓட்டோவும் போவது அந்தப் பக்கம்தான். 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகமுடிந்தது. 2013இல் புதுப்பாலம் வந்தபின் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் புளியந்தீவுக்குள் தெருக்கள் அகலவில்லை.

மாரி மழையில் பிரேக்கும் காருக்குக் கார் மாறும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள கார் வழுக்கும்போது பெடல் காலுக்கடியில் அதிரும். பயந்து காலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் அப்படி அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். விட்டு விட்டு மிதிக்கவேண்டும். இந்தியா எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியதே 2019 ஏப்ரலில்தான். ஆகவே பழைய இந்தியக் கார் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்வது புத்தி.

எண்ணெய் அடிக்கப் போகும்போது மூடி எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் இறங்கிப் பார்க்கத் தேவையில்லை. எண்ணெய் முள்ளுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன முக்கோணம் அதைக் காட்டும். ஜிம் மொய்லான் என்ற ஃபோர்ட் பொறியியலாளர் 1986இல் சொன்ன யோசனை அது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்த காலத்தில் காரோடு சொந்தக்காரரின் பெற்றோல் பங்கையும் சேர்த்தே இரவல் வாங்கவேண்டியிருந்தது. 2023 செப்டெம்பரில் அந்த ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது.

ஆகவே காரை எடுக்கும் முன் கேற்றடியில் நின்றபடியே சீட்டையும் கண்ணாடிகளையும் சரிசெய்யுங்கள்; லைற், வைப்பர், ஹார்ன், தரிப்பு பிரேக் நாலையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரவில் வீதியில் மாடு படுத்திருக்கும் ஊரில் தூர வெளிச்சம் எங்கே என்று ஓடும்போது தேடக்கூடாது. வருமான உத்தரவுப் பத்திரமும் காப்புறுதிச் சான்றிதழும் காருக்குள் இருக்கின்றனவா, திகதி முடியவில்லையா என்று பாருங்கள். வாடகைக் கார் என்றால் காப்புறுதி எந்தப் பாவனைக்கு எடுக்கப்பட்டது என்பதையும் வாசியுங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு வாடகைக்கு ஓடிய கார் மோதினால், நட்டஈட்டை நிறுவனம் மறுக்கக்கூடும்.