கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்!

பிள்ளைக்கு "லேப்டாப்" வாங்கப் போகிறீர்களா?

பாடம் படிக்க வேண்டும். "விர்ச்சுவல் மெஷின்" ஓட்ட வேண்டும். கொஞ்சம் விளையாடவும் வேண்டும். இதுதானே பிள்ளையின் ஆசை?

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை இயக்குவதுதான் அது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி! வீடு பெரிதாக இருக்க வேண்டாமா?

அந்த வீடுதான் "ராம்" என்னும் நினைவகம். "விண்டோஸ் 11" ஓடக் குறைந்தது 4 ஜி.பி. ராம் வேண்டும். உள்ளே இன்னொரு விண்டோஸ் ஓடினால் அதற்கும் 4 ஜி.பி. வேண்டும். 8 ஜி.பி. லேப்டாப்பில் இரண்டுமே திணறும். 16 ஜி.பி. வாங்குவதே நல்லது.

பிறகு கூட்டலாமா?

மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராமைப் பலகையோடு பற்ற வைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது! வாங்கும் முன்பே கடைக்காரரிடம் கேளுங்கள்.

பாடங்களையும் இரண்டு விண்டோசையும் வைத்துக்கொள்ள 512 ஜி.பி. "எஸ்.எஸ்.டி." போதும்.

விளையாட்டு?

"மைன்கிராப்ட்" போன்ற விளையாட்டுகளுக்குத் தனி "கிராபிக்ஸ் கார்டு" கட்டாயம் இல்லை. பிராசசரில் உள்ள கிராபிக்சே போதும். அதுவும் ராமில்தான் பங்கு கேட்கும்!

ஆகவே, கார்டுக்குக் கொடுக்கும் பணத்தை ராமுக்குக் கொடுங்கள். படிப்பும் நடக்கும், விளையாட்டும் நடக்கும்!