ரோபோ நாய் முதல் தீக்காய வார்டு வரை: எந்த நாவலை முதலில் படிக்கலாம்?

சமீபத்தில் படித்த 3 நாவல்கள், மூன்றும் வேற வேற ரகம். ஆனால், கேள்வி ஒன்றுதான்: என் வாழ்க்கைக்கு யார் அனுமதி தரணும்?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். ரோபோ நாய் ஜீனோ செம ஜாலி. புதுசா படிக்கிறவங்க இதிலிருந்து தொடங்கலாம்.

பெருமாள்முருகனின் 'பூக்குழி'யில் சாதி மாறிக் கல்யாணம் செய்த சரோஜாவை ஊர் ஏற்கவில்லை. சின்ன நாவல்தான், பதற்றத்தில் நடுநடுவே மூடி வைத்தேன்.

2020-க்கான சாகித்ய அகாடமி விருது பெற்ற இமையத்தின் 'செல்லாத பணம்' தான் உலுக்கிவிட்டது. பெற்றோர் விரும்பாத கல்யாணம். கடைசியில் மகள் தீக்காய வார்டில். அப்பாவிடம் பணம் இருக்கு, பயனில்லை. மறுநாள் லீவு இருந்தால் மட்டும் எடுங்க!

அரசு அனுமதி வெறும் கற்பனை. மற்ற இரண்டும் கற்பனையாகவே தெரியவில்லை. அதுதான் பயமா இருக்கு.