மலைக்கும் முன்பதிவா?

கோவில்பட்டியில் கதிரேசன் மலைமீது ஏறி நின்று மேற்கே நோக்குங்கள். கரிசல் காடு முடிகிற இடத்தில், வானத்தோடு வானமாக ஒரு நீலக்கோடு தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை அது! பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற இந்த வறண்ட மண்ணில், தீப்பெட்டி ஆலையிலும் நூற்பாலையிலும் உழைத்து ஓய்பவனுக்கு அந்த நீலக்கோடு ஓர் அழைப்பு. ஒரு நாளாவது நிழலில் நடக்கலாம், ஓடையில் முகம் கழுவலாம் என்ற ஆசை அவனுக்கு எழுந்தால், அது தவறா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. குச்சி லோடு வரவில்லை. "நாளைக்கு வேலை இல்லை" என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். தீப்பெட்டித் தோழர்கள் மூவர், ஆலைத் தொழிலாளி ஒருவர், அவர்களோடு நாம். ஞாயிறு கருக்கலில் பஸ் ஏறினோம். கையில் கட்டுச்சோறும் கடலை மிட்டாயும். ஊருக்கு ஊர் பஸ் மாறி, மலையடிவாரம் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. பலரும் போய்வரும் பாதைதான், பெயர் வேண்டாம்.

கம்பித் தடுப்பருகே ஓர் இளைஞர் நின்றார்.

"முன்பதிவு இருக்கா, அண்ணாச்சி?"

"பஸ் டிக்கெட் இருக்கு, தம்பி!" என்றார் நம் தோழர்.

இளைஞர் சிரித்தார், தடுப்பு அசையவில்லை. நமக்குப் பின்னால் வந்த காரிலிருந்து நால்வர் இறங்கினர். கைப்பேசியைக் காட்டினர், உள்ளே சென்றனர். நம் தோழர்களின் முகம் சுருங்கியது. ஒருவர் காதோடு சொன்னார்: "அந்தத் தோப்பைச் சுற்றினால் ஒரு தடம் இருக்காம். பத்து நிமிஷத்தில் மேலே போய்விடலாம்."

இளைஞருக்கும் அது காதில் விழுந்துவிட்டது. கோபிக்கவில்லை அவர். "அண்ணாச்சி, உள்ளே போய் ஏதாவது ஆச்சுன்னா, யாரைத் தேடணும், எத்தனை பேரைத் தேடணும்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. ஏனெனில், குரங்கணியை நாம் மறக்கவில்லை!

2018 மார்ச் 11. தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் அருகே, குரங்கணி மலை. நடக்கச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. காய்ந்த புல்லிலே பற்றிய தீ, காற்றிலே ஏறி, மேட்டை நோக்கி மனிதனைவிட வேகமாக ஓடும். தீயின் குணத்தைத் தீக்குச்சி செய்கிற ஊர்க்காரனுக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டுமா? அந்த ஆண்டிலேயே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள், உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகள், இணையத்தில் முன்பதிவு என்று தமிழ்நாடு அரசு திட்டம் தொடங்கியது. 2025-இல் தீ மூளும் கோடைத் தொடக்கத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, பாதைகள் மூடப்பட்டன. இவை தேவை. தேவை என்பதை நாம் உரக்கவே சொல்கிறோம்.

ஆனால், இன்னொன்றும் சொல்வோம். முன்பதிவு என்றால் என்ன? முன்கூட்டியே நாள் குறிப்பது. நாள் குறிக்க யாரால் முடியும்? தன் நாள் தன் கையில் இருப்பவனால் முடியும்! மழை பெய்தால் குச்சி காயாது, வேலை இல்லை. லோடு வராவிட்டால் வேலை இல்லை. இப்படி, கூலியையும் இழந்து கிடைக்கிற விடுமுறை நேற்று மாலைதான் அவனுக்கே தெரிகிறது. அவன் எங்கே பதினைந்து நாள் முன்னால் பதிவு செய்வது?

சீமையிலும் இந்தக் கேள்வி எழுந்தது. இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கௌட் மேடு, பிரபுக்களின் வேட்டைப் பறவைகளுக்காகப் பூட்டிவைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24-ஆம் நாள், மான்செஸ்டர் சுற்றுவட்டாரத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பட்டப்பகலில், பகிரங்கமாக அதன்மீது நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் அந்த வட்டாரமே நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. அவர்கள் தோப்பைச் சுற்றித் திருட்டுத்தனமாய்ப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்! அங்கே தடுத்தது தனிமனிதரின் உடைமை, ஆகவே மீறினார்கள். இங்கே தடுப்பது உயிர்க்காப்பு. ஆகவே நாம் மீறக்கூடாது, கேட்க வேண்டும்.

என்ன கேட்பது? ஜப்பானைப் பாருங்கள். ஃபூஜி மலையின் யோஷிதா பாதையில் கூட்டம் தாங்கவில்லை. 2024-இல் நாளொன்றுக்கு 4,000 பேர் என்று வரம்பு கட்டினார்கள். ஆனால், அத்தனை இடத்தையும் முன்பதிவுக்கே கொடுத்துவிடவில்லை. குறைந்தது 1,000 இடத்தை அன்றைக்கு வந்து நிற்பவருக்கென்று ஒதுக்கினார்கள். வரம்பும் காக்கப்பட்டது, வந்தவனும் மதிக்கப்பட்டான்.

அதைத்தான் கேட்கிறோம். ஒவ்வொரு பாதையின் அடிவாரத்திலும் ஒரு மேசை, ஒரு பேரேடு. நாலில் ஒரு பங்கு இடம் அன்று வருபவருக்கு. பெயர் எழுதி, ரொக்கம் வாங்கி, வழிகாட்டியோடு அனுப்புங்கள். இடம் தீர்ந்தால் "தீர்ந்தது" என்று பலகை வையுங்கள். தீக்காலத்தில் "மூடப்பட்டது" என்று பஸ் நிலையத்திலேயே எழுதிப் போடுங்கள். அதுவரை தோழர்கள் கிளம்புமுன் விசாரித்துக் கிளம்புங்கள். தடுப்பைத் தாண்டாதீர்கள்.

அன்று நாம் திரும்பினோம். வரும் வழியில் கழுகுமலையில் இறங்கினோம். அங்கே மலையேற முன்பதிவு கேட்பாரில்லை. பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த கோயில் அது. சிகரம் சிற்பங்களோடு ஒளிர்கிறது. அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது.

தோழர் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த முன்பதிவும் இப்படித்தான் அண்ணாச்சி. மேலே எல்லாம் முடிஞ்சிருக்கு. அடிவாரத்துக்குத்தான் இன்னும் வந்து சேரலை."

அடிவாரத்துக்கு வரட்டும்! அங்கேதான் நாம் நிற்கிறோம்.